ஓய்வு கொடுக்க முடியாத எலும்பு

காலெலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடக்கலாம். கை முறிந்தால் கழுத்தில் துணியைக் கட்டித் தொங்கவிட்டுக்கொள்ளலாம். விலா முறிந்தவருக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. நிமிடத்துக்கு 12 முதல் 16 மூச்சு என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்குச் சுமார் 20,000 முறை அந்த எலும்பு எழுந்து தாழ்ந்தாக வேண்டும். முறிந்த முனைகள் உரசிக்கொண்டேதான் ஒட்ட வேண்டும். அப்படியும் பெரும்பாலானவை ஒட்டிவிடுகின்றன. ஒன்றிரண்டு விலா முறிந்தவர்கள் வலி மாத்திரையோடு வீட்டுக்குப் போய், ஆறு வாரம் போல முனகிவிட்டுப் பழைய வேலைக்குத் திரும்புவதுதான் வழக்கம். அதனாலேயே 'விலா தானாகக் கூடும், கைவைக்காதே' என்பது மருத்துவக் கல்லூரிகளில் பல தலைமுறைகளாகப் பாடமாக இருந்துவந்தது. சாதாரண முறிவுக்கு இன்றும் அந்தப் பாடம் சரிதான்.

பிரச்சினை, கூடு மொத்தமாகக் குலையும்போது வருகிறது. நம் நெஞ்சுக்கூட்டில் 12 இணை விலாக்கள். மேலே உள்ள ஏழு இணைகள் குருத்தெலும்பு வழியாக நேரே மார்பெலும்போடு சேர்கின்றன. அடுத்த மூன்றும் தங்களுக்கு மேலுள்ள குருத்தெலும்பைப் பற்றிக்கொள்கின்றன. கடைசி இரண்டும் முன்பக்கம் எதையும் தொடாமல் சதைக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. மூச்சை இழுக்கும்போது கீழ்ப்பக்க விலாக்கள் வாளியின் கைப்பிடி உயர்வதுபோலப் பக்கவாட்டில் மேலெழுகின்றன. உதரவிதானம் கீழே இறங்குகிறது. உள்ளே இடம் பெருகுவதால் அழுத்தம் குறைந்து காற்று உள்ளே வருகிறது. இப்போது அடுத்தடுத்த மூன்று விலாக்கள், ஒவ்வொன்றும் இரண்டு இடங்களில் முறிந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அகப்பட்ட துண்டு கூட்டிலிருந்து தனித்துவிடும். மூச்சை இழுத்ததும் நெஞ்சின் மற்ற பகுதியெல்லாம் விரிய, அந்தத் துண்டு மட்டும் உள்ளே அமுங்கும். மூச்சை விட்டால் அது மட்டும் வெளியே பிதுங்கும். மருத்துவர்கள் இதை ஃப்ளெய்ல் செஸ்ட் என்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க சி.டி. ஸ்கேன் வேண்டியதில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் நின்று ஒரு நிமிடம் பொறுமையாகப் பார்க்கத் தெரிந்தால் போதும். கூட்ட நெரிசலான அவசரப் பிரிவில் அந்த ஒரு நிமிடம் கிடைப்பதுதான் அரிது.

இவர்களில் பலர் இறப்பது முறிந்த எலும்பால் நேரடியாக இல்லை. வலியால் மூச்சை ஆழமாக இழுக்க முடியாது. இருமினால் உயிர் போகிறாற்போல இருக்கும், ஆகவே இரும மாட்டார்கள். வெளியேறாத சளி சிறு காற்றுக்குழாய்களை அடைக்கிறது. அதற்கப்பால் உள்ள நுரையீரல் பகுதி சுருங்குகிறது. சுருங்கிய இடத்தில் கிருமி தங்கி நிமோனியா வருகிறது. இதோடு, விலாவை முறித்த அதே அடி அடியிலுள்ள நுரையீரலையும் கன்றவைத்திருக்கும். அந்தக் கன்றல் முதல் ஒன்றிரண்டு நாட்களில் மோசமாகிக்கொண்டே போகும் என்பதால், முதல் நாள் மாலை 'நல்லாத்தான் பேசினார்' என்று சொல்லப்பட்டவர் மூன்றாம் நாள் வென்டிலேட்டரில் இருப்பார். வயதானவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். 2000இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 65 வயதைத் தாண்டியவர்களிடம் கூடுதலாக முறியும் ஒவ்வொரு விலாவும் இறக்கும் அபாயத்தை 19 விழுக்காடும் நிமோனியா அபாயத்தை 27 விழுக்காடும் உயர்த்துவதாகத் தெரிந்தது.

இந்தியாவில் இப்படி அடிபடுபவர்களுக்குப் பஞ்சமே இல்லை. 2022இல் மட்டும் நாடு முழுதும் 4,61,312 சாலை விபத்துகள் பதிவாயின. அவற்றில் 64,105 தமிழ்நாட்டில், எந்த மாநிலத்தையும்விட அதிகம். இறந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். தலைக்கவசம் தலையைக் காக்கலாம். நெஞ்சுக்குக் கவசம் ஏது? பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுபவர்கள், சாரம் சரிந்த கொத்தனார்கள், கவிழ்ந்த டிராக்டருக்கு அடியில் சிக்கியவர்கள், மாடு முட்டியவர்கள் யாரும் இந்தச் சாலைக் கணக்கில் வரமாட்டார்கள்.

முறிந்த நெஞ்சைக் கட்டி நிறுத்தும் யோசனை பழையது. நம் ஊரில் இன்றும் பலர் செய்வது அதைத்தான்: துணியையோ பட்டையையோ கொண்டு நெஞ்சைச் சுற்றி இறுக்கக் கட்டிவிடுவார்கள். வலி குறைந்ததுபோல இருக்கும். குறைவதற்குக் காரணம் மூச்சே குறைவதுதான். நிமோனியாவுக்கு அதைவிட நல்ல வரவேற்பு இல்லை. மேலைநாட்டு மருத்துவமனைகளும் ஒரு காலத்தில் மணல் மூட்டையை நெஞ்சின்மேல் வைத்தன, பிளாஸ்திரி ஒட்டின. அமுங்கிய துண்டை வெளியே இழுத்துப் பிடிக்க, விலாவைச் சுற்றிக் கொக்கியோ கம்பியோ மாட்டி, கயிற்றைக் கப்பியில் ஓடவிட்டு, மறுமுனையில் எடை தொங்கவிட்டதும் உண்டு. நோயாளி வாரக்கணக்கில் அசையாமல் மல்லாந்து கிடப்பார். நுரையீரலுக்கு அதுவும் கேடுதான்.

1956இல் சிகாகோவிலிருந்து வந்த ஒரு கட்டுரை இதையெல்லாம் ஓரங்கட்டியது. டென்மார்க்கிலிருந்து குடிபெயர்ந்த மயக்கவியல் மருத்துவர் எர்ன்ஸ்ட் ட்ரியர் மெர்க்கும் அவருடைய தோழர்களும் வென்டிலேட்டரை உள்ளிருந்து கூட்டைத் தாங்கும் முட்டாகப் பயன்படுத்தினார்கள். நாமாக மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைவதால்தான் தனித்த துண்டு உள்ளே அமுங்குகிறது. இயந்திரம் காற்றை உள்ளே தள்ளினால் அழுத்தம் உள்ளிருந்து வெளியே வேலை செய்யும். முறிந்த துண்டும் முறியாத கூடும் சேர்ந்தே எழும். எலும்பு கூடும்வரை இப்படித் தாங்கிப் பிடிக்கலாம். கேட்பதற்கு மிக அழகான தீர்வு. அடுத்த 20 ஆண்டுகள் ஃப்ளெய்ல் என்றாலே வென்டிலேட்டர் என்றாயிற்று.

அந்த அழகைக் கலைத்தவர் டெக்சாஸைச் சேர்ந்த டிரிங்கிள் என்ற மருத்துவர். 1975இல் அவருடைய குழு, வென்டிலேட்டரில் போடப்பட்டவர்களையும், வலியை அடக்கி, சளியை வெளியேற்றி, நரம்பு வழி நீரைக் குறைத்துக் கொடுத்து, இயந்திரமின்றிக் கவனிக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. இரண்டாம் வகையினர் நன்றாகத் தேறினார்கள். மூச்சுத் திணறலுக்கு முதல் காரணம் ஆடும் எலும்பு இல்லை, கன்றிய நுரையீரல் என்பது அவர்கள் வாதம். ஆக்சிஜன் அளவு தாங்குகிறவரை இயந்திரம் வேண்டாம் என்ற இன்றைய நடைமுறை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அந்த வாதம் இன்னொரு பக்க விளைவையும் உண்டாக்கியது. எலும்பு முக்கியமில்லை என்றால் எலும்பை எதற்குச் சரிசெய்ய வேண்டும்? பிரான்சின் ஜூடே போன்ற சிலர் விலாவைக் கவ்விப்பிடிக்கும் உலோகத் தகடுகளைப் பயன்படுத்திவந்தும், அறுவை சிகிச்சை பெரும்பாலான நாடுகளில் ஓரமாகவே கிடந்தது.

இங்கே செலவைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஏழை நாட்டு மருத்துவமனையில் மிக அரிதான பொருள் பிளேட்டா, வென்டிலேட்டரா என்றால், சந்தேகமில்லாமல் வென்டிலேட்டர்தான். இயந்திரத்தை நன்கொடையாகக்கூட வாங்கிவிடலாம். கோவிட் காலத்தில் பல மாவட்ட மருத்துவமனைகளுக்கு அப்படி வந்தது. அதன் பக்கத்தில் இரவு முழுதும் விழித்திருக்கும் செவிலியர், இரத்த வாயுப் பரிசோதனை, உறிஞ்சுகுழாய், கிருமி எதிர்ப்பு மருந்து, தடையில்லாத ஆக்சிஜன் எல்லாம் நன்கொடையில் வருவதில்லை. மூச்சுக்குழாயில் செருகிய குழாயே நிமோனியாவுக்கு வழியும் திறக்கிறது. ஒருவர் 18 நாள் அந்தக் கட்டிலில் இருந்தால், தலையில் அடிபட்ட இன்னொருவருக்கு, பாம்பு கடித்த மற்றொருவருக்கு, அந்த 18 நாளும் கட்டில் இல்லை. விலா அறுவை ஏழைகளுக்கு எட்டாத ஆடம்பரம் என்று சொல்லப்படும்போதெல்லாம் இந்தக் கணக்கு விட்டுப்போகிறது என்பது என் எண்ணம்.

கணக்கை முதலில் போட்டுக் காட்டியது ஜப்பான். தனாகா என்பவர் தலைமையிலான குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில் கடுமையான ஃப்ளெய்ல் நோயாளிகள் 37 பேர். எல்லாரும் ஏற்கெனவே வென்டிலேட்டரில் இருந்தவர்கள். குலுக்கல் முறையில் 18 பேருக்கு ஜூடே தகடு பொருத்தினார்கள். 19 பேருக்கு இயந்திரமே தொடர்ந்தது. அறுவை செய்துகொண்டவர்கள் சராசரியாக 10.8 நாளிலும் மற்றவர்கள் 18.3 நாளிலும் வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டார்கள். நிமோனியா வந்தவர்கள் 24 விழுக்காட்டுக்கு எதிராக 77. மொத்த மருத்துவச் செலவும் அறுவைப் பக்கமே கணிசமாகக் குறைந்தது. 2013இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் 46 பேரிடம் நடந்த ஆய்வும், அறுவையால் தீவிர சிகிச்சை நேரம் குறைந்து ஆளுக்குச் சுமார் 14,000 ஆஸ்திரேலிய டாலர் மிச்சமாவதாகக் கணக்கிட்டது. ஆனால் இரண்டும் பணக்கார நாடுகள். தகடு வாங்க அங்கே யாரும் தாலியை அடகு வைப்பதில்லை.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப்படுவது, எகிப்திய அறுவை மருத்துவர்கள் பங்கேற்ற, 2005இல் வெளிவந்த கிரனெட்ஸ்னி குழுவின் ஆய்வு. 40 ஃப்ளெய்ல் நோயாளிகள், பக்கத்துக்கு 20 பேர். ஒரு பக்கத்தினருக்கு அறுவை. பயன்படுத்திய பொருளைப் பாருங்கள்: துருவேறா எஃகுக் கம்பியும், எலும்பு மருத்துவர்கள் அன்றாடம் விரல் முறிவுக்குச் செருகும் கே-வயரும்தான். டைட்டானியம் இல்லை, விசேஷக் கருவிப்பெட்டி இல்லை. வென்டிலேட்டர் தேவைப்பட்டவர்கள் அறுவைப் பக்கம் சராசரி 2 நாளும், மறுபக்கம் 12 நாளும் அதில் இருந்தார்கள். மருத்துவமனையில் தங்கியது 11.7 நாளும் 23.1 நாளும். எண்களைக் கண்டு மயங்குவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறுவை செய்யாத 20 பேருக்குத் தரப்பட்ட சிகிச்சை, நெஞ்சைப் பட்டையால் கட்டுவது. மேலே பார்த்தோமே, அதுவே கெடுதலான முறை. நல்ல வலி நிவாரணமும் இயன்முறைப் பயிற்சியும் பெற்றவர்களோடு ஒப்பிட்டிருந்தால் இடைவெளி இவ்வளவு அகலமாக இருந்திருக்காது. ஆனாலும், மலிவான கம்பியால் கூட்டை நிறுத்த முடியும், நிறுத்தினால் மூச்சு திரும்பும் என்பது அங்கே தெரிந்துவிட்டது.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. 2022இல் கனடா, அமெரிக்க மருத்துவமனைகளில் 207 பேரை வைத்து நடந்த ஆய்வு இதுவரையான இத்தகைய ஆய்வுகளில் பெரியவற்றில் ஒன்று. வென்டிலேட்டர் இல்லாமல் கழிந்த நாட்களை எண்ணிப் பார்த்தபோது, மொத்தத்தில் இரு பக்கத்துக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. பலன் தெரிந்தது, ஆய்வில் சேரும்போதே வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம். இறப்பு அறுவைப் பக்கம் ஒன்றுமில்லை, மறுபக்கம் 6 விழுக்காடு. ஆக, ஃப்ளெய்ல் என்று எழுதிய எல்லாரையும் ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போவது வீண். இயந்திரத்தை விட்டு இறங்க முடியாமல் தவிப்பவர்கள், கூடு கண்ணுக்குத் தெரியும்படி ஒடுங்கியவர்கள், எவ்வளவு மருந்து கொடுத்தும் வலியால் இரும முடியாதவர்கள்: இவர்களுக்குத்தான் கத்தி. தலையில் பலத்த அடிபட்டு நினைவிழந்தவருக்கு விலாவை மட்டும் சரிசெய்தால் வென்டிலேட்டர் நாள் குறையாது. அவரை இயந்திரத்தில் வைத்திருப்பது மூளை. கையில் பணம் குறைவாக உள்ள மருத்துவமனைக்கு இந்தத் தேர்வுதான் முதல் சிக்கனம், உலோகத்தின் விலை அதற்குப் பிறகு.

சரி, உலோகம். விலா திருகாணிக்கு ஒத்துழைக்காத எலும்பு. தொடையெலும்பின் கெட்டியான சுவரில் திருகு நன்றாகக் கடிக்கும். விலாவின் வெளிச்சுவர் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், உள்ளே மென்மையான சோறு. எலும்பு நேராகவும் இல்லை: வளைந்து, முறுக்கிக்கொண்டு போகிறது. கீழ்விளிம்பை ஒட்டி ஒரு நரம்பும் இரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. துரப்பணம் அரை சென்டிமீட்டர் அதிகம் இறங்கினால் நுரையீரல். பொருத்திய பிறகும் நாளுக்கு 20,000 முறை வளைந்து நிமிர வேண்டும். பிளேட் மிகவும் விறைப்பாக இருந்தால் எலும்பு வளையும்போது திருகுகள் மெல்ல மெல்ல இளகும். இதற்காகத்தான் விலாவின் வளைவிலேயே வார்க்கப்பட்ட, திருகின் தலை பிளேட்டோடு பூட்டிக்கொள்ளும் டைட்டானியப் பிளேட்டுகள் வந்தன. டைட்டானியத்தின் விறைப்பு எஃகில் ஏறக்குறைய பாதிதான். நல்ல பொருள். ஆனால் இறக்குமதிப் பிளேட் ஒன்றின் விலையை நான்கு விலாவால் பெருக்கி, திருகுகளையும் சேர்த்தால், கூலித் தொழிலாளியின் குடும்பம் தியேட்டர் வாசலிலேயே திரும்பிவிடும்.

மலிவான வழிகளில் மிக எளியது கம்பிக் கட்டு. இதய அறுவைக்குப் பிறகு பிளந்த மார்பெலும்பைச் சேர்த்துக் கட்டுகிறார்களே, அதே எஃகுக் கம்பி. முறிவின் இருபுறமும் சற்றுத் தள்ளி விலாவில் துளையிட்டு, கம்பியைக் கோத்து, முனைகளைச் சேர்த்துப் பிடித்து முறுக்குவார்கள். கம்பியை விலாவைச் சுற்றிக் கட்டினால் கீழ்விளிம்பு நரம்பு நசுங்கி, முறிவு ஆறியபின்னும் வலி ஆறாது; அதனால்தான் துளை வழி. குறுக்காக, சுத்தமாக முறிந்த விலாவுக்கு இது போதும். சாய்வாகவோ தூளாகவோ முறிந்திருந்தால் கம்பி எலும்பை அறுத்துக்கொண்டு வந்துவிடும், நீளம் குறைந்து நெஞ்சு ஒடுங்கும். கனத்த தையல் நூலால் கட்டுவதும் உண்டு. அதற்கும் இதே வரம்புதான்.

கே-வயர் இன்னொரு வழி. ஜெர்மானிய அறுவை மருத்துவர் மார்ட்டின் கிர்ஷ்னர் 1909இல் அறிமுகப்படுத்திய இந்த மெல்லிய எஃகு ஊசியை விலாவின் உட்குழலில் நெடுக்காகச் செருகினால் சாய்ந்த முறிவும் நேராக நிற்கும். விலை மிகக் குறைவு. எலும்பு முறிவுப் பிரிவு இருக்கிற எந்த மருத்துவமனையிலும் கிடைக்கும். ஆனால் வழவழப்பான கம்பி அசையும் எலும்பில் நிற்காது, நகரும். நெஞ்சுப் பகுதியில் செருகிய கம்பிகள் மாதங்கள் கழித்து நுரையீரலுக்கும் இதயத்துக்கும் போய்ச் சேர்ந்த கதைகள் மருத்துவ இதழ்களில் ஏராளம். முனையைக் கொக்கிபோல வளைத்து விலாவில் பதித்தால் நகர்வது குறையும், நின்றுவிடாது. ஆகவே கே-வயர் வைத்தவரை வீட்டுக்கு அனுப்பும்போதே மறுபடி எக்ஸ்ரே எடுக்க வரும் தேதியையும் கையில் கொடுக்க வேண்டும். பஸ் செலவுக்குப் பயந்து வராமலிருப்பவர் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால், அவருக்கு இந்தக் கம்பியைத் தவிர்ப்பது நல்லது.

மலிவான கம்பிக்கும் இறக்குமதிப் பிளேட்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. காறையெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பயன்படும் எஃகு ரீகன்ஸ்ட்ரக்ஷன் பிளேட், மாவட்ட அளவிலேயே கிடைப்பது, இந்தியாவிலேயே செய்யப்படுவது. அதைத் தியேட்டரில் வளைப்பான் கொண்டு விலாவின் வடிவத்துக்குக் கையால் வளைத்து, இருபக்கமும் மும்மூன்று திருகு போட்டால் பெரும்பாலான முறிவுகள் நிற்கின்றன. கொஞ்சம் பருமன், ஒல்லியானவர்களுக்குத் தோலுக்கடியில் தட்டுப்படும். வளைக்கும் நேரமும் சேர்வதால் அறுவை நீளும். எலும்பு தேய்ந்த முதியவர்களுக்குச் சாதாரணத் திருகு பிடிக்காது. அவர்களுக்குப் பூட்டும் திருகுதான் வேண்டும். இதைப் பொருத்துகிறவர்களுக்கு இந்தக் குறைகள் தெரியும். தெரிந்தேதான் செய்கிறார்கள்.

மலிவானது என்றதும் மட்டமானது என்று நினைப்பது நம் பழக்கம். குடலிறக்க அறுவைக்கு விலையுயர்ந்த வலைக்குப் பதில், கிருமிநீக்கம் செய்த கொசுவலைத் துணியை மகாராஷ்டிரத்தின் கிராமப்புற அறுவை மருத்துவர் ரவீந்திரநாத் டோங்காவ்கர் 1990களிலேயே வைத்தபோது பலர் முகம் சுளித்தார்கள். பின்னர் உகாண்டாவில் 302 ஆண்களிடம் அத்தகைய மலிவு வலையும் வணிக வலையும் நேருக்கு நேர் சோதிக்கப்பட்டன. 2016இல் வந்த முடிவில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மதுரையில் 1992இல் தொடங்கிய ஆரோலேப், நூறு டாலர் அளவில் இறக்குமதியான கண் லென்ஸைச் சுமார் பத்து டாலருக்குக் கொண்டுவந்தது. விலா பிளேட்டுக்கு இதுபோல நேருக்கு நேர் சோதனை தேவை: உள்நாட்டு எஃகு ஒரு பக்கம், இறக்குமதி டைட்டானியம் மறுபக்கம். உகாண்டா வலைக்கு நம்பிக்கை தந்தது அதன் விலை அல்லவே, அந்த 302 பேர்.

பணம் யார் பையிலிருந்து போகிறது என்பதும் முடிவை மாற்றுகிறது. பிளேட்டின் விலை ஒரே நாளில் ஒரே ரசீதாக வந்து நிற்கும். வென்டிலேட்டர் நாட்களின் செலவு மருந்து, ஆக்சிஜன், கட்டில், சோதனை என்று சிதறி வரும். அரசு மருத்துவமனையில் அது நோயாளிக்குத் தெரியவே தெரியாது. மிச்சமாவது ஒருவருக்கு, செலவாவது இன்னொருவருக்கு என்றால் சிக்கனமான சிகிச்சை நடக்காது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. பெரிய காரியம்தான். ஆனால் நுரையீரல் கன்றலின் போக்கைப் பார்த்து, விலாவுக்கு அறுவை வேண்டுமா என்று முடிவெடுக்கும் நேரம் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாள். அந்த 48 மணி நேர இலவசச் சாளரம் மூடும் வேளை அது. பிறகு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர் அதன்கீழ்த் தொடரலாம். இல்லாதவர் அரசு மருத்துவமனைக்கு மாற வேண்டும், அல்லது கையிலிருந்து கட்ட வேண்டும். அந்த மாற்றத்தில் ஒரு நாள் போனாலும் நஷ்டம்தான். முதல் 72 மணி நேரத்துக்குள் செய்யும் அறுவை எளிதாக முடிகிறது என்பது பல மருத்துவர்களின் அனுபவம். அதற்குப் பிறகு முறிவைச் சுற்றி வீக்கமும் ஒட்டலும் கூடிவிடும், உறைந்த இரத்தம் நுரையீரலைக் கவ்விக்கொள்ளும்.

அறுவையைவிட மலிவான, அதைவிடப் பலருக்கு உதவும் ஒன்று இருக்கிறது: ஊசி. 2016இல் கனடாவில் மொரிசியோ ஃபொரேரோவும் சக மருத்துவர்களும் முதுகெலும்பை ஒட்டிய நீண்ட தசைக்கு அடியில் மரப்பு மருந்தைச் செலுத்தும் முறையை விவரித்தார்கள். அந்த முதல் கட்டுரையின் நோயாளிகளில் ஒருவர், பல விலாக்கள் முறிந்து கோணலாகக் கூடியதால் தீராத வலியில் இருந்தவர். நுரையீரலுக்கும் தண்டுவடத்துக்கும் தள்ளியே ஊசி நிற்பதால், முதுகுத்தண்டு வழி எபிடூரலைவிட இதைச் செய்வது எளிது, இரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்களுக்கும் ஓரளவு பாதுகாப்பு. மெல்லிய குழாயை அங்கேயே விட்டுவைத்தால் நாள் கணக்கில் மருந்து செலுத்தலாம். மருந்துக்குச் செலவு சொற்பம். வேண்டியது ஓர் அல்ட்ராசவுண்ட் கருவி. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்க வந்த 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நம் நாட்டில் ஒவ்வொரு ஸ்கேன் கருவியையும் பதிவுசெய்ய வேண்டும், எடுத்துச்செல்லும் கருவிகளுக்குக் கட்டுப்பாடும் உண்டு. சட்டம் அவசியமானதே. ஆனாலும் மயக்கவியல் மருத்துவர் நோயாளியின் கட்டிலருகே கருவியை உருட்டிக்கொண்டு போவதற்கு முன் படிவங்களைப் பற்றி யோசிக்கும் நிலை இருக்கிறது. மார்ஃபினுக்கும் இதே கதைதான். 1985இன் போதைப்பொருள் சட்டம் 2014இல் தளர்த்தப்பட்ட பிறகும் பல மருத்துவமனைகள் அதை வாங்கிவைக்கத் தயங்குகின்றன.

ஊசி போட்டு வலி அடங்கிய பிறகு நோயாளியை எழுப்பி உட்காரவைத்து இருமவைக்க வேண்டும். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் மூச்சுப் பயிற்சிக் கருவி கோவிடுக்குப் பிறகு எல்லாருக்கும் அறிமுகம். அதிலும் பாதிப் பேர் ஊதுகிறார்கள். அது ஊதுவதற்கில்லை, உறிஞ்சுவதற்கு. பந்து மெதுவாக எழும்படி உள்ளே இழுத்து, சில நொடி தாங்கி விட வேண்டும். நம் மருத்துவமனைகளில் இதைப் பார்த்துக்கொள்வது உடனிருக்கும் மனைவியோ மகனோதான். 'இருமாதீங்க, எலும்பு இன்னும் விட்டுப்போயிடும்' என்று பாசத்தோடு தடுப்பவர்களும் அவர்களே. தலையணையை விலாப்புறம் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்ல அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் எந்தக் காப்பீட்டுப் பொதியிலும் வருவதில்லை.

ஃப்ளெய்ல் இல்லாமல், மூன்று நான்கு விலாக்கள் நன்றாக விலகி முறிந்தவர்களுக்கும் பிளேட் போடலாமா என்ற கேள்வி இப்போது எழுந்திருக்கிறது. 2020இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களுக்கு இரண்டு வாரத்தில் வலி குறைவாக இருந்தது. அவர்களில் யாரும் சாகக் கிடந்தவர்கள் இல்லை. இரண்டு வார வலிக்காக நெஞ்சைத் திறப்பதா என்று கேட்டால், மேசை வேலை பார்ப்பவருக்கு வேண்டாம் என்றே சொல்வேன். சுமை தூக்குபவருக்கும் மரமேறுபவருக்கும் பதில் அவ்வளவு எளிதில்லை. ஜப்பானிய ஆய்வின் கடைசிப் பகுதியில் ஒரு எண் இருக்கிறது: ஆறு மாதம் கழித்து முழுநேர வேலைக்குத் திரும்பியவர்கள், தகடு பொருத்திய 18 பேரில் 11 பேர், பொருத்தாத 19 பேரில் ஒருவர். பெரும்பாலான ஆய்வுகள் வென்டிலேட்டர் நாளையும் நிமோனியாவையும் எண்ணுவதோடு நின்றுவிடுகின்றன. நாள்கூலிக்குப் போகிறவர் எண்ணுவது வேலையில்லாமல் போன நாட்களை.